வயது ஏற ஏற வருடம் ஏன் பறக்கிறது? காலத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் உளவியல் பாடம் எடுத்தேன். இப்போது அஸ்தம்பட்டியில் வீட்டோடு இருக்கிறேன். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது பேச வருகிறார்கள். சொன்ன நேரத்துக்குக் கிளம்பாத மருமகள், ராத்திரி தூங்காத பையன், சொன்ன கதையையே சொல்லும் மாமியார் என்று ஆரம்பிக்கும், கொஞ்சம் உட்கார்ந்து கேட்டால் பேச்சு காலத்தைப் பற்றியதாக இருக்கும். வீட்டில் ஒரு கடிகாரம்தான் தொங்குகிறது, ஆனாலும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் எண்பது வயது ஆயாவுக்கும் அது ஒரே மாதிரி ஓடுவதில்லை. இது தெரியாமல் ஒருவரை ஒருவர் "சோம்பேறி", "பிடிவாதம்", "புத்தி மழுங்கிடுச்சு" என்று பேசி நோகடிக்கிறோமே என்பதுதான் என் வருத்தம். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

போன ஆடிப்பண்டிகை இப்பத்தான் முடிஞ்ச மாதிரி இருக்கு, அதுக்குள்ள அடுத்த ஆடி வந்துருச்சு. சின்ன வயசுல ஒரு வருசம் அவ்வளவு நீளமா இருந்ததே, ஏன்?

ஐம்பதைத் தாண்டியவர்களில் இதைக் கேட்காதவர்களை நான் பார்த்ததில்லை. கோட்டை மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டினதிலிருந்து உள்ளூர் விடுமுறை வரும் புதன்கிழமை வரைக்கும் சின்ன வயதில் நாள் எண்ணிக்கொண்டே இருப்போம், நகரவே நகராது.

பிரெஞ்சு அறிஞர் பால் ஜேனே 1877-ல் ஒரு கணக்கு சொன்னார். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு வருடம் என்பது வாழ்ந்த வாழ்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு, ஐம்பது வயதுக்காரருக்கு ஐம்பதில் ஒரு பங்கு, அதனால் சிறிதாகத் தெரிகிறது என்று. கேட்க அழகாக இருக்கும், இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் இதை எடுத்துப் பேசியபோதே, கணக்கு ஓரளவு ஒத்துப்போகிறது, ஆனால் ஏன் அப்படி என்ற புதிரை அது அவிழ்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கும் அந்தக் கணக்கு போதவில்லை. அது முழு உண்மை என்றால் வயதானவருக்கு ஒரு வாரம், ஒரு மாதம்கூட அதே அளவுக்குச் சுருங்கியிருக்க வேண்டும். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் ஜெர்மனி, ஆஸ்திரியாவில் 14 முதல் 94 வயது வரையிலான 499 பேரிடம் கேட்டார்கள். போன வாரம், போன மாதம் எவ்வளவு வேகமாகப் போனது என்பதில் வயதுக்கு வயது பெரிய வித்தியாசம் இல்லை. போன பத்து வருடம் எப்படிப் போனது என்று கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது, அதுவும் ஐம்பது வயது வாக்கில் ஏறி அதற்கு மேல் ஏறாமல் நின்றது.

அப்படியென்றால் விஷயம் ஞாபகத்தில் இருக்கிறது. திரும்பிப் பார்க்கும்போது மனம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, எத்தனை தனித்தனி ஞாபகம் கிடைக்கிறது என்றுதான் தேடுகிறது. பத்து வயதில் எல்லாமே முதல் தடவை. முதல் சைக்கிள், முதல் தடவை ஏற்காடு பஸ்ஸில் வாந்தி, முதல் மாங்காய்த் திருட்டு. நாற்பத்தைந்தில் காலையில் அதே ஐந்து ரோடு சிக்னல், அதே டிபன் பாக்ஸ், முந்நூறு நாளும் ஒரே நாளாக மடிந்துபோகிறது. மடித்து வைத்த புடவை மாதிரி, நீளம் உள்ளே இருக்கிறது, வெளியே தெரிவதில்லை.

அப்புறம் ஏன் நாள் மட்டும் நகரவே மாட்டேங்குது?

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் கேட்டது இது. "பொழுது போக மாட்டேங்குது, வருசம் மட்டும் ஓடிப்போயிருது" என்றார். இரண்டும் வேறு வேறு அளவு. நேரம் கடந்துகொண்டிருக்கும்போது எவ்வளவு தூரம் நேரத்தையே கவனிக்கிறோமோ அவ்வளவு மெதுவாகப் போகும். ஒரே மாதிரி வேலை, வலி, ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பு இதெல்லாம் அப்படி. கடந்த பிறகோ, ஞாபகத்தில் எதுவும் தனியாக நிற்காததால் அதே நாட்கள் சுருங்கிவிடும். திருப்பதி போய்வந்த மூன்று நாள் நேர்மாறு, போகும்போது பறந்தது, திரும்பி வந்தால் ஒரு மாதம் வெளியே இருந்த மாதிரி இருக்கும்.

ஏற்காட்டுக்கு ஏறும்போது நேரம் ஆகிற மாதிரியும் இறங்கும்போது சீக்கிரம் வந்துவிட்ட மாதிரியும் இருக்கிறதே?

இருபது கொண்டை ஊசி வளைவும் போகும்போதும் இருபதுதான், வரும்போதும் இருபதுதான். திரும்பி வருவது குறுகித் தெரிவதை 2011-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பழகிய வழி என்பதால்தான் அப்படி என்று எல்லோரும் நினைப்போம், வேறு வழியில் திரும்பினவர்களுக்கும் அதேபோலத்தான் தெரிந்தது. போகும்போது "அரை மணியில் போயிடலாம்" என்று நினைத்துக் கிளம்புகிறோம், அதைவிட நேரம் ஆகிறது, அந்த ஏமாற்றத்தில் திரும்பும் பயணத்துக்கு மனதில் அதிக நேரம் ஒதுக்கிவிடுகிறோம், அதனால் சீக்கிரம் வந்த மாதிரி இருக்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

ஐந்து வயது மகள் "எப்ப ஊருக்குப் போறோம்" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிறாள். போன வருடம் நடந்ததையும் "நேத்து" என்கிறாள்.

அவள் உங்களைத் தொல்லை பண்ணவில்லை. அவளிடம் "ஞாயிற்றுக்கிழமை" என்ற சொல் இருக்கிறது, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற அளவு இன்னும் இல்லை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே குழந்தைகளிடம் இதைப் பார்த்தார். இரண்டு பொம்மைகள் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் நின்றாலும், அதிக தூரம் போன பொம்மைதான் அதிக நேரம் ஓடியது என்று சின்னக் குழந்தைகள் சொல்வார்கள். நேரம், தூரம், வேகம் மூன்றும் அந்த வயதில் பிரியவில்லை.

அதனால் அவளுக்குப் பிடிபடுகிற அளவில் சொல்லுங்கள். "இன்னும் மூணு தூக்கம்" என்றால் புரியும். நாள் கிழிக்கும் காலண்டர் ஒன்றை அவள் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டி, தினமும் காலையில் அவளையே கிழிக்க விடுங்கள். மிச்சம் இருக்கிற தாள் எத்தனை என்று கண்ணால் பார்க்கிற குழந்தை கேட்பதைக் குறைத்துக்கொள்கிறது.

காத்திருக்கத் தெரியாத குழந்தை பின்னால் வாழ்க்கையில் தோற்றுவிடும் என்கிறார்களே? மிட்டாய்ச் சோதனை பற்றி யூடியூபில் பார்த்துப் பயந்துவிட்டேன்.

பயப்பட வேண்டாம் அம்மா. அமெரிக்காவில் வால்டர் மிஷெல் 1960-களின் பிற்பகுதியில் தொடங்கிய சோதனை அது. ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்பார்கள். காத்திருந்த பிள்ளைகள் பின்னால் நன்றாகப் படித்தார்கள் என்று பெரிதாகப் பேசப்பட்டது. 2018-ல் இன்னும் அதிகப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, குடும்பத்தின் வசதியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. நாளைக்குச் சாப்பாடு இருக்கும் என்று உறுதி உள்ள வீட்டில் காத்திருப்பது சுலபம், அவ்வளவுதான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறு. 2017-ல் வந்த ஆய்வு ஒன்றில் கேமரூன் நாட்டின் ன்சோ விவசாயக் குடும்பங்களின் நான்கு வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஏழு பேர் அளவுக்குக் காத்திருந்தார்கள், ஜெர்மன் நகரத்துப் பிள்ளைகளில் பத்துக்கு மூன்று பேர்கூட இல்லை. 2022-ல் இன்னொன்று: ஜப்பானியப் பிள்ளைகள் உணவுக்கு அதிக நேரம் காத்திருந்தார்கள், அமெரிக்கப் பிள்ளைகள் பரிசுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு அதிக நேரம் காத்திருந்தார்கள். காரணம் பாருங்கள், ஜப்பானில் எல்லோருக்கும் பரிமாறிய பிறகே சாப்பிடுகிற வழக்கம், அமெரிக்காவில் பண்டிகை நாள் வரும்வரை பரிசைப் பிரிக்காத வழக்கம். பொறுமை என்பது பிறவியில் வருகிற ஒரே சரக்கு கிடையாது, எதற்குக் காத்திருக்கப் பழக்கினோமோ அதற்குக் காத்திருக்கிறது பிள்ளை. அமாவாசை அன்று வடை பாயச வாசனை வீடு முழுக்க இருக்க, காக்காய் வந்து சோறு எடுக்கும்வரை மாடிப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற நம் பிள்ளைகளை அந்தச் சோதனை அறையில் உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

பிளஸ் டூ படிக்கும் பையன் ராத்திரி ஒரு மணிக்குத் தூங்குகிறான். அவன் தாத்தா நாலு மணிக்கு எழுந்து "பொழுது விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு" என்று சத்தம் போடுகிறார்.

இரண்டு பேர் மேலும் தப்பில்லை. பருவ வயதில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகிறது, இருபது வயது வாக்கில் இந்தத் தாமதம் உச்சத்துக்குப் போய், பிறகு வயது ஏற ஏற முன்னால் வருகிறது. தாத்தாவுக்கு எட்டரைக்கே கண் சொக்குவதும் அதே உடம்புக் கடிகாரம்தான். போன் வெளிச்சம் அதை இன்னும் தள்ளிவிடும் என்பதால் பத்தரைக்கு மேல் போனை வாங்கி வைப்பது நியாயம். ஆனால் "சோம்பேறி" என்ற பட்டம் வேண்டாம். தாத்தா எழுப்பும் நேரத்தில் அந்தப் பையனின் உடம்புக்கு இன்னும் நடுராத்திரி.

எங்க ஆயா சொன்ன கதையையே நூறு தடவை சொல்கிறார். புதுசா யாரிடமும் பழகவும் மாட்டேன் என்கிறார். மனச்சோர்வா?

மனச்சோர்வாக இருக்கலாம் என்பதால் சாப்பாடு, தூக்கம், அழுகை மூன்றையும் கவனியுங்கள். அது சரியாக இருந்தால் அநேகமாக இது வேறு.

முதலில் கதை. வயதானவர்களிடம் வாழ்க்கையில் ஞாபகம் வருவதைச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நிகழ்ச்சிகள் மற்ற காலத்தைவிட அதிகமாக வரும். 1986-ல் டேவிட் ரூபினும் உடன் ஆய்வு செய்தவர்களும் இதைக் காட்டினார்கள், அதற்குப் பிறகு பல நாடுகளில் அதே மேடு தெரிந்திருக்கிறது. கல்யாணம், முதல் வேலை, முதல் பிள்ளை, ஊர் மாறியது எல்லாம் அந்த இருபது வருடத்துக்குள்தான் நடக்கிறது, நான் யார் என்பது முடிவாவதும் அப்போதுதான். ஆயா உங்களுக்குச் சொல்வது செய்தி கிடையாது. தான் யார் என்பதை அவர் தனக்கே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

அடுத்தது பழகாதது. லாரா கார்ஸ்டன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருடமாக இதையே ஆராய்ந்தவர். அரை மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது, யாரோடு இருப்பீர்கள், நெருங்கிய உறவினரா, புதிதாகப் பழகிய ஒருவரா, நீங்கள் படித்த புத்தகத்தின் ஆசிரியரா என்று கேட்பார்கள். வயதானவர்கள் உறவினரையே தேர்ந்தெடுத்தார்கள், இளையவர்கள் பலவிதமாகச் சொன்னார்கள். விஷயம் இங்கேதான் இருக்கிறது: சீக்கிரத்தில் தன்னந்தனியாக வெகுதூரம் குடிபெயரப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றதும் இளையவர்களும் உறவினர் பக்கம் வந்துவிட்டார்கள். புது மருத்துவத்தால் இன்னும் இருபது வருடம் கூடும் என்றதும் முதியவர்களின் தேர்வு பரவலாகிவிட்டது. 1997-ல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படுவதற்கு முன்னால் அங்கே இளைஞர்கள்கூட முதியவர்களைப் போலவே நெருங்கினவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், ஒப்படைத்து முடிந்த பிறகு பழையபடி மாறினார்கள். வயதைவிட, இன்னும் எவ்வளவு காலம் மிச்சம் என்ற உணர்வுதான் ஆளை மாற்றுகிறது. ஆயா சுருங்கிப்போகவில்லை, இருக்கிற நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்று பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறார், அந்தச் சிலரில் நீங்களும் ஒருவர்.

என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் தங்கை வீட்டில் இருக்கிறார். அவரும் தேதி சொல்ல மாட்டார், "எம்.ஜி.ஆர். செத்த வருசம்" என்பார். நான்தான் 1987 என்று மனதுக்குள் மாற்றிக்கொள்வேன். இப்போது மாற்றுவதை விட்டுவிட்டு, "அன்னைக்கு நீ எங்கம்மா இருந்த?" என்று கேட்கிறேன். அதே கதையில் நான் கேட்டிராத ஆட்கள் வருகிறார்கள்.

தமிழர்களுக்கு நேரம் தவறாமை கிடையாது என்று என் மேனேஜர் சொல்கிறார். உண்மையா? கலாசாரமே அப்படியா?

இந்தப் பேச்சு எனக்குக் கோபம் வரவைக்கும் பேச்சு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இரண்டு விதமான காலப் பழக்கத்தைப் பிரித்தார். ஒன்றில் நேரம் கோடு போட்ட நோட்டு மாதிரி, ஒரு கட்டத்துக்கு ஒரு வேலை, அது முடிந்தால்தான் அடுத்தது. இன்னொன்றில் ஒரே நேரத்தில் பல வேலையும் பல ஆட்களும், எதிரில் இருக்கும் மனிதரைவிட அட்டவணை பெரிதில்லை. ராபர்ட் லெவின் என்ற அமெரிக்க உளவியலாளர் 31 நாடுகளில் அளந்தே பார்த்தார்: தெருவில் 60 அடி நடக்க எவ்வளவு நேரம், தபால்தலை விற்க எவ்வளவு நேரம், வங்கிக் கடிகாரம் எவ்வளவு சரி. 1999-ல் வந்த அந்த முடிவில் சுவிட்சர்லாந்து முதலிடம், மெக்சிகோ கடைசி. குளிர்ந்த ஊர், பணம் புழங்கும் ஊர், தனிமனிதனை முன்வைக்கும் ஊர் வேகமாக இருந்தன. வேகமான ஊர்களில் இதய நோய்ச் சாவும் அதிகம், மனநிறைவும் அதிகம் என்பதையும் அவரே சொன்னார், அதனால் எது உயர்ந்தது என்று சுலபமாகத் தீர்ப்பு எழுத முடியாது.

சரி, நம் ஊருக்கு வருவோம். முகூர்த்தம் காலை 6 முதல் 7.30 என்றால் எந்தத் தமிழன் தாலி கட்டத் தாமதமாக வருகிறான்? ஏழரைக்குள் கட்டியே ஆக வேண்டும் என்று மண்டபமே பதறும். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம் என்று ஏழு இருபதுக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டுகிற மாமனார் எனக்கு இருந்தார். அதே குடும்பத்தில் முந்தின நாள் ரிசப்ஷனுக்கு ஆறரை என்று போட்டால் எட்டரைக்கு வருகிறோம், யாரும் தப்பாக எடுப்பதில்லை. நமக்கு நேரம் தெரியாமல் இல்லை. எந்த நேரம் இறுக்கமானது, எந்த நேரம் தளர்வானது என்று நம்மிடம் எழுதாத ஒரு பட்டியல் இருக்கிறது, அந்த மேனேஜருடைய பட்டியல் வேறு.

இதற்குப் பின்னால் வரலாறும் உண்டு. ஒரு நாளுக்கு அறுபது நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம் என்று எண்ணிய ஊர் இது. பொழுதை மாலை, யாமம், வைகறை என்று தொடங்கிப் பத்து நாழிகை வீதம் ஆறாகப் பிரித்தோம். நிமிடத்தை நம் வாழ்க்கைக்குள் கொண்டுவந்ததில் ரயிலுக்குப் பெரிய பங்கு. ரயில்களுக்கு மெட்ராஸ் நேரம் இருந்தது, நாடு முழுக்க ஒரே நேரம் என்பது 1906-ல்தான் வந்தது. நூற்றிருபது வருடம் என்பது ஒரு பழக்கத்துக்கு ரொம்பக் குறைவு. ஆபீசில் ஒன்பதரை என்றால் ஒன்பதரைக்குப் போங்கள், அதில் மாற்றுக் கருத்து இல்லை, அடுத்தவர் நேரத்தை வீணாக்குவது தப்புதான். அதற்காக ஒரு இனத்தையே குணம் கெட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

மொழிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, ஆனால் அளவோடு. தமிழில் "முன்னோர்", "முன்னொரு காலத்தில்" என்கிறோம், போன காலம் முன்னால் இருக்கிறது. "பின்னாடி பார்த்துக்கலாம்", "பிற்காலத்துக்கு ஆகும்" என்கிறோம், வரப்போவது பின்னால் இருக்கிறது. கோயில் வரிசை மாதிரி, முதலில் போனவர் முன்னால் நிற்கிறார், இனி வருகிறவர் பின்னால் வருகிறார். அதே வாயால் "முன்னேறு" என்றும் "எதிர்காலம்" என்றும் சொல்கிறோம், அப்போது வரப்போகும் காலம் முகத்துக்கு எதிரே நிற்கிறது. இரண்டு படமும் நம் மொழியில் சேர்ந்தே குடியிருக்கின்றன.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் அய்மாரா மக்கள், முக்கியமாக முதியவர்கள், கடந்ததைப் பேசும்போது கையை முன்னால் நீட்டுகிறார்கள், வரப்போவதற்குத் தோளுக்குப் பின்னால் காட்டுகிறார்கள் என்று 2006-ல் எழுதினார்கள். பார்த்தது கண் முன்னால், பார்க்காதது முதுகுக்குப் பின்னால். ஆஸ்திரேலியாவின் பொர்ம்புராவ் என்ற இடத்துப் பழங்குடி மக்களிடம் ஒரு மனிதன் முதுமை அடையும் படங்களை வரிசையாக அடுக்கச் சொன்னால், அவர்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் கிழக்கிலிருந்து மேற்காக அடுக்கினார்கள். இடமிருந்து வலமாக எழுதிப் பழகின நாம் இடமிருந்து வலமாக அடுக்குவோம்.

எல்லாவற்றுக்கும் "தலையெழுத்து" என்கிற அப்பாவை எப்படி எதிர்காலத்தைப் பற்றி யோசிக்க வைப்பது?

அமெரிக்க உளவியலாளர்கள் பிலிப் ஜிம்பார்டோவும் ஜான் பாய்டும் 1999-ல் 56 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளைக் கொண்டுவந்தார்கள். கடந்ததைக் கசப்போடு பார்ப்பது, இனிப்போடு பார்ப்பது, இன்றைய சுகம், இன்றைக்கு நடப்பது விதி, எதிர்காலம் என்று ஐந்து வகை. விதி என்பதில் அதிக மதிப்பெண் வந்தால் நல்லதில்லை என்பது பொதுவான முடிவு. பயனுள்ள கருவிதான், ஆனால் அது உருவானது அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து. மழையை நம்பி வாழ்கிற ஒருவர் "மழை பெஞ்சாப் பாக்கலாம்" என்பது அந்தத் தாளில் விதிக் கணக்கில் போய்விடும், எனக்கு அது நிலவரத்தைச் சரியாகப் படிப்பதாகத் தெரிகிறது.

அப்பா செய்வதைப் பாருங்கள், சொல்வதைவிட. குச்சிக்கிழங்கு போட்டால் பிடுங்கப் பத்து மாதம் ஆகும். ஏற்காட்டில் காபிச் செடி வைத்தால் முதல் காய்ப்புக்கே மூன்று நாலு வருடம், அப்புறமும் கோடை மழை விழுந்து பூத்த பூ பழமாகிப் பறிக்க எட்டு ஒன்பது மாதம். இதைச் செய்கிறவர் எதிர்காலத்தை யோசிக்காதவரா? வாயில் தலையெழுத்து, கையில் நாற்று. பேங்க் பேப்பரை நீட்டி "அப்பா, இருபது வருசம் கழிச்சு" என்று ஆரம்பிக்காதீர்கள், அடுத்த வெள்ளாமைக்கு, பேத்தி சமையும்போது சீருக்கு என்று அவர் ஏற்கெனவே எண்ணும் அளவில் பேசுங்கள். அதே சமயம் "எதுவும் என் கையில் இல்லை" என்று மருந்தையே நிறுத்துகிறார் என்றால் அது வேறு, டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

ஞாபக மறதி நோய் வந்த அம்மா, சாயங்காலம் ஆனால் "பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைங்க வந்துருவாங்க, வீட்டுக்குப் போகணும்" என்கிறார். நான்தான் அந்தப் பிள்ளை என்று எவ்வளவு சொன்னாலும் ஏற்கவில்லை.

வாதாடாதீர்கள் சாமி. அவருக்கு இப்போது அந்த வருடம்தான் நடக்கிறது. "பிள்ளைங்களுக்கு என்ன டிபன் செய்வீங்க?" என்று கேட்டு அந்த வருடத்துக்குள் கூடவே போங்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டுவிடுங்கள், மங்கல் வெளிச்சத்தில் குழப்பம் கூடும்.

வருடத்தை நீளமாக்க வழி உண்டா?

கடிகாரத்தில் இல்லை, ஞாபகத்தில் உண்டு. கொரோனா ஊரடங்கில் 2020-ல் இங்கிலாந்தில் கேட்டபோது ஐந்தில் நாலு பேருக்கு மேல் நேரம் வழக்கம்போல் ஓடவில்லை என்றார்கள். வயதானவர்களுக்கும், ஆட்களோடு பழகுவதில் திருப்தி இல்லாதவர்களுக்கும் மெதுவாகப் போனது. அப்படி நேரத்தைப் பிசைந்து நீட்டுவது நமக்கு வேண்டாம். மாதத்துக்கு ஒரு நாளாவது மற்ற நாளோடு மடியாமல் தனியாக நிற்கட்டும், அதற்குப் பணம் தேவையில்லை, வழி மாற்றினாலே போதும்.

நான் அம்மாவைப் பார்க்க அடிவாரம் வழியாகவே போய்க்கொண்டிருந்தேன், அத்தனை வருடத்துப் பயணமும் எனக்கு ஒரே பயணமாகத்தான் இருக்கிறது. போன மாசியில் திரும்பும்போது அம்மாவையும் ஏற்றிக்கொண்டு குப்பனூர் வழியாக இறங்கினேன். கொட்டச்சேடு தாண்டி ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கல்யாணமான புதிதில் அப்பாவோடு மிளகு மூட்டையைத் தலையில் வைத்து நடந்து இறங்கிய ஒற்றையடிப் பாதை அந்தப் பக்கம்தான் என்றார். இத்தனை வருடத்தில் எனக்கு அவர் அதைச் சொன்னதே இல்லை. அரை மணி நேரம் அங்கேயே நின்றோம்.